சோம்பு மணக்கும் ரப்பர் புழு

விசில் அடித்தது நான்தான் பெரியம்மா. காட்டிக் கொடுத்துராதீங்க. பாருங்க, டிரைவர் அண்ணன் நிறுத்தியே விட்டார். இறங்கவும் ஆள் இல்லை, ஏறவும் ஆள் இல்லை. வேலிக்கருவை ஓரமாக ஓர் ஆட்டுக்குட்டி மட்டும் பஸ்ஸை வேடிக்கை பார்க்குது. கண்டக்டர் விசிலைத் தேடுகிறார், அது அவர் விரலிலேயே தொங்குது. "எவம்ல அவன்? வண்டிய நிறுத்தி வெளாடுதியளா?" அச்சு அசல் அவர்தானே? வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கின மாதிரி வைத்துக்கொண்டு மூக்கால் பேசணும். அவ்வளவுதான் வித்தை.

சிரிக்கிற மனசு ஒன்றும் இல்லை எனக்கு. வாய் பழகிப்போச்சு, அதுபாட்டுக்குச் செய்யுது.

காலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்க. குடத்துக்குள்ளே உயிர் இருக்கு. துணி கட்டியிருக்கேன், தண்ணி தெறிக்காது. தெறித்தாலும் குளத்துத் தண்ணிதான். விரால் பெரியம்மா. என் முழங்கை நீளம் இருக்கும். எங்கள் அத்தானுக்கு. காலில் எலும்பு முறிந்து, பிளேட் வைத்துத் தைத்துப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். விரால் ரசம் குடித்தால் புண் சட்டென்று ஆறுமே. பக்கத்துத் தெருவில் எங்கள் சின்னத்தை வீடு, உயிரோடு கொண்டுபோய்க் கொடுத்தால் ரசம் வைத்துத் தருவாள். நான்தான் பிடித்தேன். ஆமாம், நானேதான். தூண்டிலில். மண்புழு வைத்து இல்லை, ரப்பர் புழு வைத்து.

அதை ஏன் கேட்கிறீங்க. பாளையங்கோட்டை வருகிறவரைக்கும் நேரம் இருக்கு, சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேலே என்று.

என் பேர் பேச்சியம்மாள். பேர் வைத்த நேரமோ என்னமோ, வாய் ஓயாது. ப்ளஸ் டூ படிக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் போன வருசம் பெரிய டீச்சர் குரலில் மைக்கில், "மாணவிகளே, மழை காரணமாக இன்று விடுமுறை, வரிசையாகச் செல்லவும்" என்று சொல்லிப் பாதிப் பள்ளிக்கூடத்தை வீட்டுக்கு அனுப்பினது யார் என்று நினைக்கிறீங்க? அன்றைக்கு வெயில் வேறே. பெரிய டீச்சரே ஒரு நிமிசம் குடையை எடுத்துவிட்டாள்.

எங்கள் முப்பிடாதி அக்காவைக் கட்டினவர்தான் தளவாய் அத்தான். சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார். அக்காவுக்கு இப்போது ஒன்பதாம் மாசம். போன தடவை எட்டாம் மாசத்திலேயே பிள்ளை தங்காமல் போய்விட்டது. அப்போது அவர் அங்கே. இங்கேயிருந்து போன் மேலே போன் போட்டோம், அவர் எடுக்கவில்லை. கிரேன் மேலே இருக்கும்போது போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறணுமாம். இறங்கி வந்து எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதனால் இந்தத் தடவை புரட்டாசியிலேயே லீவு சொல்லி வந்துவிட்டார். வந்தவர் சும்மா வரவில்லை. ஒரு நீளப் பையில் தூண்டில் ராடு, நரம்பு சுற்றுகிற ரீல், ஒரு டப்பா நிறைய ரப்பர் புழு.

நீங்க பார்த்திருக்கமாட்டீங்க. மண்புழு மாதிரியே வளைந்து நெளியும். ஊதா, பச்சை, சிவப்பில் மினுக்கு வைத்தது. வாலைத் தொட்டால் தானாக ஆடும். டப்பாவைத் திறந்தால் சோம்பு வாசனை. சேர்த்தே செய்வார்களாம், மீனுக்குப் பிடிக்குமாம். அக்கா மோந்து பார்த்துவிட்டு, "இதக் குருமாவுல போடலாம் போலயே" என்றாள். அத்தான் சொன்னார்: "சிங்கப்பூர்ல பாஸ்னு ஒரு மீனு பாத்துக்கோ. இந்தப் புழுவுக்குப் பைத்தியம். நான் பிடிச்ச மீனப் பாத்து வெள்ளக்காரனே கை கொடுத்தான்."

பொய். முழுப் பொய். அவர் ஒரு மீனும் பிடித்ததில்லை. வேலை முடிந்து வரும் வழியில் மற்றவர்கள் போடுவதை வேலி ஓரமாக நின்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். எங்கள் குளத்தில் முதல் நாள் வீசினபோதே தெரிந்துபோயிற்று. புழு முன்னாலே போகாமல் பின்னாலே வந்து அவர் இடுப்பில் கட்டின சாரத்தையே கொத்தியது. பாசியைப் பிடித்தார். செருப்பைப் பிடித்தார். ஒரு தடவை எருமைக் கயிற்றைப் பிடித்து, எருமை அவரைப் பிடித்துக்கொண்டு போயிற்று. நான் கரையில் உருண்டு உருண்டு சிரித்தேன்.

ராத்திரி போனில் வீடியோ பார்ப்போம் இரண்டு பேரும். ஒரு மலையாளத்துக்காரர், "பதுக்கே... பதுக்கே... இப்போ வலிச்சோ!" என்பார். மெதுவாக, இப்போது இழு என்று அர்த்தம். நான் அவரைப் போலவே சொல்லுவேன், அத்தான் கட்டிலில் உட்கார்ந்தபடியே கையை வெட்டி இழுப்பார். தூண்டில் முள்ளை வெளியே காட்டக்கூடாது பெரியம்மா, அதுதான் முக்கியம். தலையில் குத்தி, திருப்பி, முனையைப் புழு வயிற்றுக்குள்ளேயே ஒளித்து வைக்கணும். அப்போதான் தாமரைத் தண்டிலும் பாசியிலும் மாட்டாது. வீசினதும் அடியில் போய்ப் படுக்க விடணும். அப்புறம் ராடு நுனியைத் தூக்கணும், விடணும், சும்மா இருக்கணும். அந்தச் சும்மா இருக்கிறதுதான் ஒருவருக்கும் வராது. மீன் வாயில் வாங்கினதும் வெடுக்கென்று இழுத்தால் போச்சு, துப்பிவிடும். வாங்கித் திரும்புகிற வரைக்கும் பொறுக்கணும்.

எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் ராடைத் தொட விடுவாரா? "ஒரே ஒரு தடவ குடுங்க அத்தான்." "போடி, முள்ளு கையில ஏறிரும். அப்புறம் உங்க அக்கா என்மேல ஏறிருவா." எத்தனை நாள் கேட்டேன் தெரியுமா? அவர் தந்திருந்தால் நான் ஏன் அதைச் செய்யப் போகிறேன்? நீங்களே சொல்லுங்க.

என்ன செய்தேனா? இருங்க, வருகிறேன்.

எங்கள் வீட்டு முறை தெரியணும் முதலில். அம்மா மாப்பிள்ளையிடம் நேரே பேசமாட்டாள். நீங்களும் உங்கள் மருமகனிடம் அப்படித்தானா? பார்த்தீங்களா. அடுக்களைக் கதவுக்குப் பின்னாலே நின்றுகொண்டு பூனையிடம் சொல்லுவாள்: "சோறு ஆறுது, வந்து சாப்பிட்டாத் தேவல." அவர் வாசல் நடையில் இருந்து என்னைப் பார்த்துச் சொல்லுவார்: "பேச்சி, இன்னா வாறேன்னு அத்தைட்ட சொல்லு." கை எட்டுகிற தூரம்தான். நடுவில் நான். "அம்மா, இன்னா வாறாராம்." "அத்தான், ரசம் ஊத்தணுமாம்." அவர் குரலில் அம்மாவுக்கும் அம்மா குரலில் அவருக்கும் சொல்லிச் சொல்லி, யார் சொன்னது யார் கேட்டது என்றே தெரியாமல் போய்விட்டது எனக்கு. அக்கா சிரிப்பாள்: "இவ இல்லன்னா இந்த வீட்டுல மாப்பிள்ள பட்டினிதான்."

ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா போனைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போனேன். அவர் மடை ஓரம் நின்று வீசிக்கொண்டிருந்தார். நான் பனைக்குப் பின்னாலே ஒளிந்துகொண்டு போன் போட்டேன். அக்கா குரலில் பேசியிருக்கலாம். ஆனால் பெண்டாட்டி குரலைப் புருசன் கண்டுபிடித்துவிடுவான் இல்லையா? அதனால் யோசித்து, அம்மா குரலில்: "மாப்ள... மாப்ள... இங்க இவளுக்கு ஒரு மாதிரி இழுத்துப் பிடிக்கி. கொஞ்சம் வெரசா வாங்க."

ராடைச் சேற்றில் போட்டார் பெரியம்மா. செருப்பையும் விட்டார். சாரத்தைத் தூக்கிக் கட்டக்கூட இல்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டு கரை மேலே ஓடினார் பாருங்க, கொக்கு ஓடினால் எப்படி இருக்கும், அப்படி.

நான் போய் ராடை எடுத்தேன். துடைத்தேன். வீசினேன். அதுதான் என் முதல் வீச்சு. என்ன சுகம் தெரியுமா? ரீல் "விர்ர்ர்" என்று பாடும்.

வெகுநேரம் கழித்து வந்தார். நான் ராடைச் சேற்றில் போட்டுவிட்டுப் பனைக்குப் பின்னாலே போய்விட்டேன். ஒன்றும் கேட்கவில்லை, மறுபடியும் வீச ஆரம்பித்துவிட்டார். வீட்டில் அக்காவிடம் கேட்டேன், என்ன நடந்தது என்று. "உங்க அத்தான் ஓடி வந்தாவ. நான் முறுக்குத் தின்னுட்டு இருந்தேன். நின்னு பாத்தாவ. தண்ணி கேட்டாவ, குடிச்சாவ, போய்ட்டாவ." அம்மாவிடம் "எதுக்குக் கூப்பிட்டிய" என்று கேட்டாரா? அவர் எப்படிக் கேட்பார்? பேச்சே கிடையாதே. அதுதானே என் சாமர்த்தியம்.

அப்புறம் என்ன, வாரத்துக்கு இரண்டு தடவை. நான் கூப்பிடுவேன், அவர் ஓடுவார், நான் பிடிப்பேன். ஏமாளி பெரியம்மா, அப்படி ஓர் ஏமாளியைப் பார்க்க முடியாது. ஒருதடவை பொறியில் தப்பின எலி கூட மறுநாள் வடையை மோந்து பார்க்கும். இவர் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே ஓடுவார். ஆனால் பொருளின் அருமை கொஞ்சம் தெரிந்துவிட்டது. ராடைச் சேற்றில் போடுவதை விட்டுவிட்டார். பனையில் சாய்த்து வைத்து, முள் யார் கையிலும் ஏறாதபடி புழுவுக்குள்ளே அமுக்கி, ராடு வளையத்தில் மாட்டிவிட்டு அப்புறம் ஓடுவார். எனக்குத் தோதாகப் போயிற்று. புழுவும் புதுசாக இருக்கும். கலங்கல் தண்ணிக்கு ஊதாப் புழு, தெளிந்த தண்ணிக்குப் பச்சை என்று சரியாக மாட்டியிருக்கும். திரும்பி வருவதற்கும் நேரமாகும். டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு ஆடி அசைந்து வருவார். தூரத்திலேயே இருமுவார், எனக்கு வசதியாக. அந்த இருமல் கேட்டதும் ராடைச் சாய்த்துவிட்டு ஓடிவிடுவேன்.

அப்படித்தான் படித்தேன் இந்த வித்தையை. முதல் விரால் பிடித்த அன்றைக்கு யாரிடமும் சொல்ல முடியவில்லை. நானே மலையாளத்துக்காரர் குரலில், "எந்தா மோளே, கலக்கி!" என்று சொல்லிக்கொண்டு தண்ணியிலேயே விட்டுவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் எப்படிப் பிடித்தாய் என்று கேட்பார்களே.

ஐப்பசி மழையில் குளம் நிறைந்ததும் மடைப் பக்கம் பார்ப்பு வந்தது. பார்ப்பு என்றால் விரால் குஞ்சு. தண்ணிக்கு மேலே குங்குமத்தைக் கொட்டினாற்போல, கூட்டமாக, சிவப்பாகக் கொதிக்கும். அடியில் விரால் காவல் நிற்கும். தவளை வந்தால் அடிக்கும், பாம்பு வந்தாலும் அடிக்கும். அதைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவரே தொடமாட்டார். அத்தான் அன்றைக்கு எனக்குக் காட்டினார்: "பேச்சி, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல ரப்பரப் போட்டாக் கட்டாயம் கடிக்கும். பசிக்கில்ல. அது புழு இல்லன்னு அதுக்குத் தெரியும். இருந்தாலும் கடிக்கும்." "தெரிஞ்சும் ஏன் கடிக்கும்? கிறுக்கா அதுக்கு?" என்றேன். அவர் சிரித்தார். "பிள்ளக்காரன்ல" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை. தூறல். தாமரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மீன் புரண்டதைப் பார்த்துவிட்டேன். கை துறுதுறு என்றது. பனைக்குப் பின்னாலே போய்ப் போன் போட்டேன். அன்றைக்குக் கொஞ்சம் கூட்டித்தான் பேசிவிட்டேன்: "மாப்ள, ரத்தமாப் போகுது மாப்ள..."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சும்மா இழுத்துப் பிடிக்கி என்று சொன்னால் ராடைச் சாய்த்து வைத்து, நின்று நிதானித்துத்தானே ஓடுகிறார் என்று நினைத்தேனோ என்னமோ.

அன்றைக்கு அவர் ராடைச் சாய்க்கவில்லை. மடைப் படி ஈரம். ஒரு சத்தம் கேட்டது. போன் இன்னும் காதில்தான் இருக்கு, லைன் ஓடுது. அதனால் அந்தச் சத்தம் எனக்கு இரண்டு தடவை கேட்டது, காற்றில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை. அப்புறம் அவர் குரல். "வாறேன்... வந்துட்டே இருக்கேன்... எடுத்துட்டேன்ல போனு, வந்துட்டே இருக்கேன்." எட்டிப் பார்த்தேன். ஒரு காலை இழுத்துக்கொண்டு, முழங்கையை ஊன்றிப் படியில் ஏறுகிறார்.

வாயைத் திறந்தேன். அம்மா குரலும் வரவில்லை, என் குரலும் வரவில்லை. போனை அமர்த்திவிட்டு, இப்போதுதான் வருகிற மாதிரி, "அத்தான் என்ன ஆச்சு!" என்று ஓடினேன். அவர் முகம் வெளுத்துக் கிடக்கு. முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "அக்கா நல்லா இருக்காளா?" "நல்லா இருக்கா அத்தான். இப்பதான் பாத்துட்டு வாறேன்." "ஒண்ணும் இல்லயே?" "ஒண்ணும் இல்ல." கண்ணை மூடிக்கொண்டார். "அப்பச் சரி" என்றார். ஆட்டோவில் தூக்கி வைக்கும்போது, "ராடப் பத்திரமா எடுத்து வச்சுக்கோ" என்றார். கால் போச்சு, மனுசனுக்கு ராடு கவலை.

எங்கள் அப்பா கேட்டபோது, "மீனு இழுத்துச்சு மாமா, பின்னாலயே ஓடினேன், வழுக்கிட்டு" என்று சொல்லிவிட்டார். ஊரே பேசுது. அப்பா: "நெறமாசப் பெண்டாட்டிய வச்சுக்கிட்டு, ரப்பர் புழுவக் கட்டி அழுதாம் பாரு." பக்கத்து வீட்டு ஆவுடை மதினி: "சிங்கப்பூர் மாப்பிள்ள, செருப்பு மீனு பிடிக்கப் போயிக் கால ஒடிச்சிட்டு வந்துட்டாரு." அம்மா சுவரைப் பார்த்துப் புலம்புகிறாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறாள், நாளைக்கோ மறுநாளோ வலி வரும், இவர் எழுந்து வர முடியாது. இவ்வளவும் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். அம்மாதான் கூப்பிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் பேரைக் கெடுக்கக்கூடாது என்று இருக்கும். நல்ல மனுசன்தான். நான் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லையே.

அதனால்தான் இந்த விரால். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையிலேயே போனேன். ஒன்றும் கடிக்கவில்லை. பச்சை போட்டேன், ஊதா போட்டேன். வெயில் ஏறுது, பஸ்ஸுக்கு நேரமாகுது. மடைப் பக்கம் அந்தச் சிவப்புக் கூட்டம். என்னைத் திட்டாதீங்க பெரியம்மா. வேறே என்ன செய்ய? நடுவில் போட்டேன். விழுந்ததும் அடித்தது. பொறுக்கவே வேண்டாம், திரும்பவே வேண்டாம், அது துப்புகிற மீன் இல்லை. இழுத்துக் கரையில் போட்டபோது அந்தக் குஞ்செல்லாம் கரை வரைக்கும் வந்தன. வந்து வந்து முட்டின. புண் ஆறணும் இல்லையா? மனுசன் பெரிசா, மீன் பெரிசா?

என்ன கேட்டீங்க? சத்தத்தில் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்க.

எங்கள் அம்மா போனில் அவரிடம் நேரே பேசுவாளா என்றா? போனிலும் பேசமாட்டாள். சிங்கப்பூருக்குப் போட்டால்கூட என்னிடம்தான், "சாப்பிட்டாவளான்னு கேளு" என்பாள். கல்யாணம் ஆகி நாலு வருசத்தில் ஒரு தடவைகூட அவரை மாப்பிள்ளை என்று வாய் திறந்து கூப்பிட்டது...

இருங்க.

இருங்க பெரியம்மா.

மாப்ள என்றுதானே நான் கூப்பிட்டேன். முதல் தடவையே.

அப்படியென்றால் அவருக்கு... அந்தக் குரல் அம்மா இல்லை என்று... ராடைச் சாய்த்து வைத்தது, முள்ளை அமுக்கினது. எதற்கு அமுக்கினார்? "முள்ளு கையில ஏறிரும்" என்று என்னிடம்தானே சொல்லுவார். தூரத்திலேயே இருமினது. "ராடப் பத்திரமா எடுத்து வச்சுக்கோ" என்றது. எடுத்து வை என்று சொல்லவில்லை பெரியம்மா. வைத்துக்கொள் என்றார்.

தெரிந்தால் ஏன் ஓடணும்? சொல்லுங்க, நீங்க மாமியார்தானே, உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு மனுசன் ஏன் ஓடணும்?

என்ன சொன்னீங்க? ஆமாம். பேசாத மாமியார் வாயைத் திறந்து மாப்பிள்ளை என்று கூப்பிட்டால், அது பேச்சியாகவும் இருக்கலாம். முறையை மறக்கிற அளவுக்கு உள்ளே என்னமோ நடந்ததாகவும் இருக்கலாம். போய்ப் பார்த்தால்தானே தெரியும். ஒருதடவை போனை எடுக்காமல் விட்ட ஆள்.

பிள்ளைக்காரன்.

குடத்தைக் கொஞ்சம் தூக்கி விடுங்க. நான் இறங்கணும். தெரியும், ஆஸ்பத்திரி இன்னும் வரவில்லை. எதிர்ப் பஸ் பிடித்தால் வெயில் சாய்வதற்குள் குளத்துக்குப் போய்விடலாம். விரால் தாங்கும், குடத்துத் தண்ணியில் நாள் முழுக்கக் கிடக்கும். குஞ்சு இருக்குமோ என்னமோ. காலையிலேயே நீர்க்காக்கா இரண்டு வந்து உட்கார்ந்திருந்தன. இருந்தாலும் போய்ப் பார்த்தால்தானே தெரியும். இதை விட்டுவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் வெறுங்கையோடு அவரிடம் போகிறேன். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. யார் மாதிரி பேசுவது என்றும் தெரியவில்லை.

கண்டக்டர் அண்ணே! நிறுத்துங்க, இறங்கணும்!

"போடி, ஒன்னைய எனக்குத் தெரியும். அங்க விசிலடிச்சவ நீதான? சும்மா உக்காரு." இது நான் இல்லை பெரியம்மா, இது அவரேதான். நம்பமாட்டேன் என்கிறார். அண்ணே, நிசமாத்தான் அண்ணே! விளையாட்டு இல்லை! குடத்தில் மீன் இருக்கு, உயிரோடு இருக்கு, நான் திரும்பிப் போகணும்!

கேட்டீங்களா? பிரேக்.

கண்டக்டர் நம்பவில்லை, விசிலும் கொடுக்கவில்லை. ஆனாலும் டிரைவர் அண்ணன் நிறுத்துகிறார் பாருங்க.